ஏறாத பூஸ்ட் முள்

என் தம்பியின் காரை எனக்குப் பிடிக்காது. டர்போ கார். வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும். அந்த அழுத்தத்தைக் காட்ட ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பூஸ்ட் கேஜ் மாட்டியிருந்தான். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மிச்சக் காற்றை வெளியே விட, சிவப்பாக, பளபளவென்று ஒரு புளோ-ஆஃப் வால்வு. குக்கர் வெயிட்டைத் தூக்கிவிட்ட மாதிரி 'புஸ்' என்று கத்தும். அந்தச் சத்தத்துக்காகத்தான் அத்தனை கூத்தும். மயிலாப்பூர் மாட வீதியில் உருட்டிக்கொண்டு போகிறவனுக்கு எதுக்குடா டர்போ என்று கேட்டால் சிரிப்பான்.

வேலை போன பிறகு சிரிப்பு நின்றது. அப்புறம் அறையை விட்டு வெளியே வருவதும் நின்றது. டாக்டர் தந்த மாத்திரை, அம்மாவின் அழுகை, என் திட்டு, எதற்கும் அவன் வாய் திறக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கதவருகே வைப்போம். பாதி சாப்பிட்டிருப்பான்.

ஆயுத பூஜை முடிந்து சில நாளில், பேட்டரி செத்துவிடப் போகிறதே என்று அவன் காரை ஆபீசுக்கு எடுத்துப் போனேன். அடையாறு பாலம் ஏறவே அதற்கு மூச்சு வாங்கியது. கேஜ் முள் பூஜ்ஜியத்தைத் தாண்டவில்லை. சிக்னலில் காலை எடுத்ததும் வண்டி அணைந்துவிட்டது. பின்னால் நின்ற ஆட்டோக்காரர் என் பரம்பரையையே இழுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த எரிச்சலில் அவன் கதவைப் பார்த்துக் கத்தினேன். "உன் ஓட்டை வண்டியில பூஸ்டே ஏறலைடா!"

"கேஜுக்குப் போற ஹோஸ் கழண்டிருக்கும், பாருக்கா" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

எத்தனையோ நாளுக்குப் பிறகு கேட்ட குரல். அம்மா கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள்.

ஹோஸ் கழன்றிருக்கவில்லை. அதைச் சொல்லப் போனேன். விரிசல் இருக்கும், மாற்றிப் பார் என்றான். மாற்றியும் ஏறவில்லை. கேஜே பொய் சொல்கிறதோ என்று வேறொன்றை மாட்டச் சொன்னான். கதவு கொஞ்சம் திறந்தது, தாடி மண்டிய முகம் தெரிந்தது. குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி வருகிறதா பார்க்க வேண்டும் என்று கையால் காட்டினான். தெரிந்ததையும் தெரியாத மாதிரி கேட்டேன். ஒருநாள் "நானே வந்து பாக்கறேன்" என்றான். அம்மா அவன் செருப்பைத் துடைத்து வாசலில் வைத்தாள். அவன் வரவில்லை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. வண்டி சரியானால் ஓட்டிப் பார்க்கவாவது இறங்குவான் என்று கணக்குப் போட்டு, தேனாம்பேட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் அந்தச் சிவப்பு வால்வைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். மஞ்சளாக மாவு உதிர்ந்தது.

"இன்னா மேடம், வால்வுக்குள்ள சந்தனம் கீது? காஞ்சு இறுகிப்போய் வால்வு மூடவே இல்ல. காத்தெல்லாம் வெளிய போய்க்கினு இருந்துச்சு."

அம்மாவின் வேலை. ஆயுத பூஜையன்று காரின் நெற்றியில் பொட்டு வைத்ததோடு விடாமல் என்னைப் பானட்டைத் திறக்கச் சொன்னாள். "இதுதானே அவனுக்கு உசுரு" என்று அந்த வால்வின் வாயிலேயே கை நிறையச் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தாள். அவனுக்கு நல்லது நடக்கட்டும் என்றுதான் வைத்தாள்.

கழுவி மாட்டினார்கள். அண்ணா சாலையில் முள் சர்ரென்று ஏறியது. காலை எடுத்தேன், புஸ். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. மாடிப்படி ஏறி ஓடினேன்.

"சரியாயிடுச்சுடா! வா, பீச் பக்கம் ஒரு ரவுண்டு போலாம்."

"என்ன ஆயிருந்துச்சு?"

சந்தனக் கதையைச் சொன்னேன். சிரிப்பான் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஓ. சரி" என்றான். கதவை மூடித் தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டான்.

அதன் பிறகு அவனிடம் கேட்க என்னிடம் ஒன்றும் இல்லை. நன்றாக ஓடுகிற வண்டியைப் பற்றி என்ன கேட்பது? அந்த மெக்கானிக் மேல்கூட ஆத்திரம் வந்தது.

அடுத்த வாரம் கீழே போய் பானட்டைத் திறந்து, டர்போவிலிருந்து வரும் குழாயின் க்ளிப்பை ஸ்க்ரூடிரைவரால் நானே தளர்த்தினேன். மேலே வந்து கதவைத் தட்டினேன். "மறுபடியும் பூஸ்ட் ஏறலைடா. எதைப் பாக்கணும்?"

கதவில் காதை வைத்துப் பார்த்தேன். அம்மா தட்டோடு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"இன்னொரு தடவை கேளு" என்றாள்.

கேட்டேன்.