வெறும் தட்டில் சாப்பிட்ட ஞாயிறு

சாப்பிடாமலே சாப்பிடுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கரண்டியை வெறும் தட்டில் உரசாமல் அள்ள வேண்டும். வாயைத் திறந்து மூட வேண்டும். மெல்ல வேண்டும், ஆனால் அவசரப்படக் கூடாது. எனக்கு அப்போது ஒன்பது வயது. பயிற்சி கொடுத்தது என் சித்தி. இடம், பதுளை பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, வீதியைப் பார்த்துக் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு பெரிய சாப்பாட்டுக் கடை.

கொழும்பில் தலைமைக் காரியாலயம் வைத்துக்கொண்டு ஊருக்கு ஊர் ஒரே சாயலில் கடை திறந்த ஒரு கொம்பனியின் பதுளைக் கிளை அது. எல்லாக் கிளையிலும் அதே சிவப்பு நாற்காலி, அதே பாட்டு, சுவரில் சிரித்தபடி சாப்பிடும் அதே வெள்ளைக்காரக் குடும்பத்தின் படம். திறந்த புதிதில் பசறையிலிருந்தும் நமுனுகுலையிலிருந்தும் ஆட்கள் பஸ் பிடித்து வந்து வரிசையில் நின்றார்கள். பிறந்தநாள் என்று சொன்னால் போதும், பரிமாறுகிறவர்கள் எல்லோரும் கூடி வந்து கைதட்டிப் பாடுவார்கள். சித்தி அங்கே பரிமாறும் வேலையில் இருந்தாள். எங்கள் குடும்பத்துப் பெண்களில் தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தூக்காமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அதில் அவளைவிட எனக்குத்தான் பெருமை அதிகம்.

பிறகு கடை தேயத் தொடங்கியது. சமையல் என்று அங்கே பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. கொழும்பிலிருந்து ஐஸ் லொறியில் வரும் பொட்டலங்களைச் சூடாக்கித் தட்டில் அழகாக வைப்பார்கள். வாரம் மூன்று முறை வந்த லொறி ஒரு முறை வந்தது. சோற்றின் மேலிருந்த கோழிக்கால் பாதியானது, பிறகு இறக்கையானது, விலை மட்டும் நன்றாக வளர்ந்தது. மெனு புத்தகத்தில், தீர்ந்துபோன சாப்பாட்டுப் படங்களின் மேல் வெள்ளைக் கடதாசி ஒட்டினார்கள். ஒரு கட்டத்தில் புத்தகத்தில் கடதாசிதான் அதிகம் இருந்தது. பக்கத்துக் கடையில் கண்ணெதிரே கொத்துரொட்டி போட்டுக் கொடுக்கும்போது இங்கே யார் வருவார்கள்? நாங்கள் ஈயோட்டிக்கொண்டிருந்த அதே மாதங்களில் கொம்பனி வேறு இரண்டு ஊர்களில் புதுக் கிளை திறந்தது. அதை மெனேஜர் நல்ல செய்தி என்று நினைத்து எல்லோருக்கும் சொன்னார்.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மண்டபத்தின் பின்பாதி விளக்குகளை அணைத்துவிட்டார்கள். நான் சித்தியைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்த இருட்டுக்குள் நாற்காலிகள் மேசைகளைச் சுற்றி ஒழுங்காக நிற்கும். தட்டுகள்கூடக் கவிழ்த்து வைத்தபடி இருக்கும். அங்கே யாரோ உட்கார்ந்து சாப்பாட்டுக்குக் காத்திருப்பதாகவே எனக்குத் தோன்றும். அந்தப் பக்கம் நான் முதுகைக் காட்டுவதே இல்லை.

கடை மூடினால் சித்தி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டியதுதான். சித்தப்பா எப்போதோ கைகழுவிவிட்டுப் போய்விட்டார். மகளுக்கு இன்னும் இரண்டு வயது நிரம்பவில்லை. ஏஜென்சிக்காரர் இரண்டு முறை நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்துக்கு வந்து, வாசலில் நின்றே குழந்தையைக் கொஞ்சிவிட்டுப் போனார். அவர் வந்துபோன நாட்களில் சித்தி குழந்தையை இடுப்பைவிட்டு இறக்கவே மாட்டாள்.

அப்படியிருக்கும்போதுதான் தலைமைக் காரியாலயத்திலிருந்து போன் வந்தது. ஞாயிறு மத்தியானம் ஒருவர் வந்து கடையைப் பார்ப்பார் என்று மட்டும் சொன்னார்களாம். மெனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். அவருக்கு வியர்த்துவிட்டது. ஆனால் பரிமாறுகிறவர்கள் எல்லோரும் தோட்டத்துப் பிள்ளைகள். பெரிய ஆள் பார்க்க வருகிறார் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டத்துக்குக் கொழும்பிலிருந்து பெரிய துரை வந்தால், லயத்தில் ரோட்டைப் பார்த்த சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பார்கள். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் தலை குறைந்தால், பள்ளிக்கூடம் போகிற எங்களையும் பிடித்துக் குளிப்பாட்டி உள்ளே உட்கார வைப்பார்கள். நான் மூன்று துரைமாருக்கு முன்னால் அப்படிக் கைக்குழந்தையாக இருந்திருக்கிறேன்.

"சேர், எங்க வீட்டு ஆளுங்கள கூட்டிட்டு வந்து ஒக்கார வைக்கிறோம். கடை நெறஞ்சிருந்தா எப்புடி மூடுவாங்க?" என்று சித்திதான் கேட்டிருக்கிறாள்.

"அது சரிவருமோ, தங்கச்சி?" என்று இழுத்த மெனேஜர், ஞாயிறு காலை மேசை விரிப்புகளைத் தானே நின்று இஸ்திரி போட்டார்.

அந்த வாரம் லொறி வரவில்லை. சாப்பாடு இல்லை. தட்டுகளில் கொஞ்சம் சோஸ் தடவி, சாப்பிட்ட மாதிரி இழுத்துவிட்டார்கள். கிளாசில் சாயத் தண்ணீர். "சோறே போடாம எச்சித் தட்டு கழுவ வைக்கிறாங்க" என்று அம்மா சிரித்தாள். கண்ணாடிச் சுவரோரம் ஏழு மேசைகளிலும் உறவுக்காரர்கள். எங்கள் மேசையில் சித்தியின் மகளைக் கடையின் உயரமான குழந்தை நாற்காலியில் உட்கார வைத்து, அவளுக்குப் பிறந்தநாள் என்று முடிவு செய்தார்கள். காட்சிக்கு வைத்திருந்த, ரெஜிபோமில் செய்த பொய்க் கேக் அவள் முன்னால் வந்தது. அவள் அதை நக்கிப் பார்த்துவிட்டு எங்களைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

பன்னிரண்டரைக்கு அந்த மனிதர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் கொப்பி. "வாங்கோ சேர், இண்டைக்குச் சனம் கொஞ்சம் கூட" என்றார் மெனேஜர். வந்தவர் தலையை மட்டும் ஆட்டினார். நாங்கள் சாப்பிட ஆரம்பித்தோம். இருபத்தைந்து, முப்பது பேர். எல்லோரும் வெறுங்கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனோம், மென்றோம், விழுங்கினோம். பயிற்சியையும் மீறி, கரண்டிகள் தட்டில் படும் சத்தம் மட்டும் ஓயாமல் கேட்டது. எதிரே மென்றுகொண்டிருந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். அவள் சிரிப்பை எங்கேயோ விட்டிருந்தாள். பெற்ற தாயைப் பார்த்துப் பயந்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த மனிதர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. முகம் திருப்பிக்கொண்டார் என்று சொல்ல முடியாது. நாங்கள் அங்கே இல்லை, அவ்வளவுதான். இருட்டுப் பக்கம் போய் டோர்ச் அடித்து நாற்காலிகளைக் கவிழ்த்து நிமிர்த்தினார். திரும்பி வந்து, மாமா ஒருவரின் தோளுக்கு மேலால் கையை விட்டு மேசையைத் தட்டிப் பார்த்தார். சித்தி கண் காட்டினாள். பரிமாறும் பெண்கள் கூடிவந்து கைதட்டிப் பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள். சித்திதான் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினாள். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பாட்டுக்கு நடுவிலேயே அவர் எங்கள் மேசைக்கு வந்து நின்றார்.

"மகள், பிள்ளையக் கொஞ்சம் தூக்குங்க" என்றார் என்னிடம்.

தூக்கினேன். அவர் குழந்தை நாற்காலியைத் தலைகீழாக்கி, கால்களை ஆட்டிப் பார்த்து, அடியில் சோக்குக் கட்டியால் என்னவோ எழுதினார். கொப்பியிலும் எழுதினார். நாங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளுக்கு அடியிலும் குனிந்து கையை விட்டார். பாட்டு நிற்கவில்லை. பிறகு சமையலறைக்குள் போய்விட்டு, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனார்.

கடை முழுக்க ஒரே சந்தோஷம். "ஒரு குறையும் சொல்லேல்லை" என்று மெனேஜர் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் குனிந்து என் நாற்காலியைப் பார்த்தேன். அடியில் நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தது. அடுத்ததில் நாற்பத்திரண்டு. பரீட்சைப் புள்ளி மாதிரி ஏதோ என்று எண்ணிக்கொண்டு சித்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். சித்தி மேசைக்கு அடியில் தலையைவிட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

"ஈரத்துணி எடுத்துட்டு வா" என்றாள்.

வந்தவர் கொம்பனிக்காரர் இல்லை. மூடப்போகிற கடைகளின் மேசை, நாற்காலி போன்ற தளபாடங்களை மொத்தமாக வாங்குகிறவர். மூடுவது என்று கொழும்பில் எப்போதோ தீர்மானித்துவிட்டார்கள், மெனேஜருக்குக்கூடச் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்துத் துரையின் பங்களாச் சாமான்களை விற்ற வருடம், அவற்றைத் தலையில் சுமந்து லொறியில் ஏற்றியவர்களில் சித்தியும் ஒருத்தி. அவற்றின் அடியிலும் இப்படித்தான் சோக்கால் எழுதியிருந்தார்கள் என்று அம்மா பின்னாளில் சொன்னாள். புதன்கிழமை சாமான்களை ஏற்றிப் போகக் கடைக்கு லொறி வந்தது. பொங்கலுக்கு முன்னால் சித்தி குவைத்துக்குப் போனாள், குழந்தை எங்களோடு வளர்ந்தாள்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் சித்திக்கு அழுக்குப் பிடிக்காது என்பதுதான். அவள் முதல் மேசையிலிருந்து ஒவ்வொரு எண்ணாகத் துடைத்துக்கொண்டு வந்தாள். மற்றவர்கள் எழுந்து, சோஸ் தடவிய தட்டுகளை அடுக்கத் தொடங்கினார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் இன்னொரு துணியோடு கூடவே துடைத்தேன். கடைசியாகக் குழந்தை நாற்காலிக்குக் கையை நீட்டினேன். "அத நான் பாத்துக்கிறேன்" என்று சித்தி வாங்கிக்கொண்டாள். தரையில் உட்கார்ந்து, அதை மடியில் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்தாள். எண் அழிந்த பிறகும் தேய்த்தாள்.

"போயிருச்சு சித்தி" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, இன்னும் சத்தமாக இன்னொரு முறை சொன்னேன்.