ராசியான ஃபைல்

நான் ஆராய்ச்சி செய்தது பிளாக் கோபாலிமர் பற்றி. ஒத்துவராத இரண்டு சங்கிலிகளை நுனியில் சேர்த்துக் கட்டிய மூலக்கூறு அது. சேரவும் பிடிக்காது, பிரியவும் முடியாது. ஒரே வீட்டில் தனி அடுப்பு வைத்த மாமியார் மருமகள் போல, தத்தம் ஆட்களோடு ஒதுங்கி அடுக்கடுக்காகத் தாமே அமைந்துகொள்ளும். அந்த அமைப்பை மின்முனைவு, அதாவது மூலக்கூறுக்குள் மின்சுமை ஒரு பக்கம் சாய்வது, எப்படி மாற்றுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டுப் பார்ப்பதுதான் திருச்சியில் எங்கள் லேபின் பிழைப்பு.

கணக்கை ஓட்ட லேபுக்கு ஒரு ஃபைல் உண்டு. யாரோ ஒரு சீனியர் எழுதியது. அதைக் காப்பி எடுத்து, சங்கிலியின் நீளத்தை மட்டும் மாற்றலாம். மற்றதில் கை வைக்கக் கூடாது. "ராசியான ஃபைல்மா, மூணு பேருக்கு பிஎச்.டி. வாங்கிக் குடுத்திருக்கு" என்பார் கைடு. ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய் நானும் அந்தப் பிரசாதத்தை வாங்கிக்கொண்டேன். அழகான அடுக்குகள் வந்தன. "பாத்தீங்களா, எல்லாம் முனைவோட வேலை" என்று பூரித்தார்.

துறையூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் எனக்கு வேலை தயாராக இருந்தது. ஜூன் முடிவதற்குள் தீசிஸில் கைடு கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். கடைசித் திருத்தத்துக்காக அந்த ஃபைலை முதல் வரியிலிருந்து படித்தேன். முனைவு: பூஜ்யம். சீக்கிரம் ஓடுகிறதா என்று பார்க்க அணைத்து வைத்த புண்ணியவான், திரும்பப் போடவே இல்லை. இல்லாத முனைவின் மகிமையைப் பாடியே மூன்று பேர் டாக்டர் ஆகியிருக்கிறார்கள். சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

முனைவைப் போட்டு ஓட்டினேன். அடுக்குகள் போன இடம் தெரியவில்லை. உருண்டை உருண்டையாக வந்தது. கைடிடம் காட்டினேன்.

"ஃபைல்ல கைய வச்சீங்களா?"

"முனைவு பூஜ்யத்துல இருந்துச்சு சார்."

அவர் முகம் செத்துப்போயிற்று. "ஓடுற வண்டிய எதுக்கும்மா பிரிச்சுப் பாக்குறீங்க? பழைய படத்தையே வைங்க, இன்னைக்கே கையெழுத்துப் போடுறேன்."

"இல்லாதத இருக்குன்னு எழுத மாட்டேன் சார்."

வேலை போய்விடுமோ என்று பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் உருண்டைகளை வைத்தே தீசிஸை மாற்றி எழுதி அவர் மேஜையில் வைத்தேன். "படிச்சுட்டுச் சொல்றேன்" என்றார். அது அங்கேயே கிடந்தது.

நடுவில் ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்தார். பொன்னாடை போர்த்திய போட்டோ லேப் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. அவருக்குப் பின்னால் திரையில் என் உருண்டைகள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜூன் கடைசி வாரம் கையெழுத்துக்குப் போய் நின்றேன். தீசிஸை நிதானமாகப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. ஆனா இதுல புதுசா என்ன இருக்கு? நான்தான் போன மாசமே பேசிட்டேனே."