கறுப்புக் குட்டியும் தேய்பிறை அஷ்டமியும்

சத்தம் நிறைந்த வீடாகப் பார்த்துக் கேட்கிறார்கள் என்றான் என் தம்பி. பெங்களூரில் அவன் குடியிருந்த தெருவில், கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் சின்னப் பள்ளி ஒன்று இருந்தது. பால் மறந்த குட்டிகளை ஏதாவது ஒரு குடும்பத்தில் விட்டு ஒரு வருஷம் வளர்க்கச் சொல்வார்கள். பிறகு வாங்கிக்கொண்டு போய்ப் பயிற்சி தருவார்கள். எந்தச் சத்தத்துக்கும் குட்டி மிரளக் கூடாது. திருப்பூரில் எங்கள் வீட்டுக்குக் கீழேயே தையல் யூனிட், பக்கத்தில் நிட்டிங், கரண்ட் போனால் தெருவே அதிரும் ஜெனரேட்டர்கள். இதைவிட என்ன வேண்டும் என்று நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி ஒப்புக்கொண்டேன்.

வந்தது கறுப்பு லேப்ரடார். ஒரு வெள்ளை முடிகூட இல்லாத கறுப்பு. குட்டி என்றே கூப்பிட்டோம், அதுவே நிலைத்துவிட்டது. பள்ளி சொன்ன சட்டங்களில் ஒன்று மட்டும் கல்லில் எழுதியது மாதிரி. அதன் கிண்ணத்தில், விசில் ஊதிய பிறகு, நாங்கள் போடுவதைத் தவிர வேறு எதையும் அது தின்னக் கூடாது. தெருவில் கிடக்கும் வடைக்காக ஒரு நாய் இழுத்துக்கொண்டு போனால், பின்னால் வரும் கண் தெரியாதவர் லாரிக்கு முன்னால் போய் நிற்பார். என் வீட்டுக்காரர் மீந்த துணியில் குட்டிக்கு ஒரு சட்டை வெட்டி, ஓவர்லாக் அடித்து, முதுகில் ‘தின்பதற்கு எதுவும் தராதீர்கள்’ என்று பிரிண்டும் போட்டுவிட்டார். எக்ஸ்போர்ட் குவாலிட்டி. டீ நேரத்தில் பன் தின்னும் டெய்லர்கள்கூட அதைப் படித்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டார்கள்.

இந்தக் குட்டி யாருக்குப் போகப்போகிறது என்பது எங்களுக்குத் தெரியும். மடத்துக்குளம் பக்கத்தில் கண் தெரியாத ஒரு டீச்சர், என்னைவிடச் சின்னவர். நாய்ப் பள்ளியில் பெயரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தார். ஒருமுறை குட்டியைப் பார்க்க அண்ணனோடு பைக்கில் வந்தார். தினமும் அண்ணன்தான் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவார், அவருக்கு வேலை இருக்கிற நாளில் இவருக்கு லீவு, அதுதான் வழக்கமாம். குட்டியின் காதைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“ஒரு நாளாச்சும் யாரு கையையும் புடிக்காம நானே பள்ளிக்கோடம் போயிப் பாக்கோணுங்க.”

அன்றிலிருந்து எனக்குள் ஒரு பயம் ஏறி உட்கார்ந்துகொண்டது. இது தேறாவிட்டால் அவர் இன்னொரு குட்டி பிறந்து வளரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒப்படைக்கச் சில மாதங்களே இருந்தபோது குட்டி கிண்ணத்தில் மிச்சம் வைக்க ஆரம்பித்தது. நோயோ என்று பதறி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே தின்றிருக்கிறது என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெருவில் போகும்போது மூன்றாவது வீட்டு கேட்டைப் பார்த்து அது இழுப்பதும் அப்போதுதான் உறைத்தது. என் வீட்டுக்காரர் வேனில் பண்டல் ஏற்றும்போது குட்டியை வெளியே கட்டிவைப்பது வழக்கம். ஒருநாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். மூன்றாவது வீட்டு அக்கா வாழையிலையில் தயிர்சோறு வைத்து, என் குட்டியின் நெற்றியில் குங்குமம் இட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்று தெருவுக்கே கேட்டது. அவர் திருப்பித் திட்டவில்லை. மகன் வெளிநாட்டுக்குக் கட்டிங் மாஸ்டராகப் போனவன், மாதக்கணக்கில் போன் இல்லை. கறுப்பு நாய்க்கு, அதாவது பைரவரின் வாகனத்துக்கு, தேய்பிறை அஷ்டமிதோறும் தயிர்சோறு வைக்கச் சொல்லியிருக்கிறார் ஜோசியர். தெருவில் மற்றதெல்லாம் செவலை நாய். அஷ்டமியில் தொடங்கியது, மனசு கேட்காமல் கண்ட நாளெல்லாம் ஆகிவிட்டது. சாமிக்கு வைத்ததைத் தப்பு என்கிறாயே என்றுதான் அழுதார்.

பெங்களூர் பயிற்சியாளர் போனில் சொன்னது என் தலையில் இடியாக இறங்கியது. அந்த வீட்டைச் சுற்றிக்கொண்டு போவதில் பயனில்லையாம். எந்தக் கை பழக்கியதோ அந்தக் கையே சோற்றோடு தினமும் நிற்க வேண்டும், குட்டி தாண்டிப் போகப் பழக வேண்டும். யாரை வாய்க்கு வந்தபடி பேசினேனோ அவர் வாசலிலேயே போய் நின்றேன்.

“வாயில்லா சீவனுக்குச் சோத்தக் காட்டிப்போட்டு எடுத்துக்கறதா? அந்தப் பாவம் எம்பையன் தலைலதான் விடியும் அம்மிணி” என்றார் அக்கா.

டீச்சரைப் பற்றிச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் சம்மதித்தார். அஷ்டமியன்று மட்டும் இந்த நாடகம் கூடாது என்றார்.

தினமும் அவர் தட்டோடு நிற்பார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. குட்டி என் தோளைப் பிடுங்கிவிடும்போல இழுக்கும். தட்டை உயர்த்தும்போது அவர் உதடு எதையோ முணுமுணுக்கும், மன்னிப்பாகத்தான் இருக்கும். மெல்ல மெல்ல இழுப்பு குறைந்தது. ஆனால் பத்து நடையில் ஒன்றில் மறுபடி பாயும். எது அந்த ஒன்று என்று சொல்லவே முடியாது.

குட்டியைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று பார்க்கும் பரீட்சைக்குப் பயிற்சியாளர் வரும் தேதி வந்தது. காலண்டரைப் பார்த்தேன், தேய்பிறை அஷ்டமி. வேறு நாள் இல்லை என்றுவிட்டார்கள். அக்காவிடம் போய்ச் சொன்னேன். அன்று தான் நிஜமாகவே படைக்கப்போவதாகவும், வேஷம் போட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். அன்று உள்ளேயே இருந்துவிடுங்கள் என்று அக்காவைக் கேட்கலாமா என்று பயிற்சியாளரிடம் மெதுவாகக் கேட்டேன். கூடவே கூடாது, அந்த அம்மாள் அழைக்கட்டும், அதைத் தாண்டினால்தான் இது தேறும் என்றார் மனுஷன்.

டீச்சரும் வந்திருந்தார். எங்கள் கேட்டருகே என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பயிற்சியாளர் குட்டியோடு தெருவில் இறங்கினார். பாதியில் கரண்ட் போய் ஜெனரேட்டர்கள் முழங்கின. குட்டி காதைக்கூட அசைக்கவில்லை. எதிரே வந்த வேனுக்கு ஒதுங்கியது. இப்போது எங்கே, இப்போது எங்கே என்று டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாவது வீடு என்றேன்.

அக்கா குளித்து ஈரத்தலையோடு நின்றிருந்தார். இலையைத் தரையில் வைத்தார். இரண்டு கைகளையும் கூப்பி, “வாங்க சாமி” என்றார்.

குட்டி நின்றுவிட்டது. மூக்கு இலைப் பக்கம் திரும்பியது. பயிற்சியாளர் கயிற்றை இழுக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. டீச்சரின் நகம் என் உள்ளங்கையில் பதிந்தது. கேட்கக்கூட மாட்டேன் என்கிறார், பாவம்.

குட்டி ஒருமுறை அக்காவை நிமிர்ந்து பார்த்தது. பிறகு இலையை விலகி நடந்தது.

போயிடுச்சுங்க, தாண்டிப் போயிடுச்சுங்க என்று நான் கத்தினேன். டீச்சர் சிரித்தார், அழுதார், இரண்டும் ஒன்றாக. என் வீட்டுக்காரர் யூனிட்டுக்குள் ஓடி எல்லோரிடமும் சொன்னார். பயிற்சியாளர் திரும்பி வந்து, குட்டி தேறிவிட்டது, பிரிவை நீட்டிக்காமல் உடனே கிளம்புகிறோம் என்று வண்டிக் கதவைத் திறந்தார். நான் குட்டியிடம் போக அடியெடுத்து வைத்தபோதுதான் அந்தப் பக்கம் பார்த்தேன்.

அக்கா இலைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. நான் தெருவைக் கடந்து போனேன்.

“சாமி எஞ்சோத்த வேண்டாம்னு போயிட்டாருங்களே” என்றார், என்னை நிமிர்ந்து பார்க்காமலே. “இனி எம்பையன் போன் பண்ணுவானா அம்மிணி?”

குட்டியை அப்படிப் பழக்கியது நான்தான், தினம் நின்று உதவியது அவர்தான் என்று சொல்லியிருக்கலாம். அது அவருக்குத் தெரியாததா? பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். பின்னால் வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. குட்டியை ஒரே ஒரு தடவை தொட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வண்டி முனை திரும்பும்வரை நான் எழுந்திருக்கவில்லை.