எண்பதாம் பிறந்தநாளுக்கு வாசித்த பக்கம்

புரோதெக் கிராமம் என்றால் ஒரு குளம், ஓர் ஓடை, எழுபது வீடு, மாதா கோயிலுக்குப் பின்னால் மேடேறிப் போகும் பதினேழு ஹெக்டேர் நிலம். ஓடையின் அகலத்தைக்கூட அளந்து ஊர் நடப்புகளைப் பதியும் குறிப்பேட்டில் எழுதி வைத்த மகானுபாவர் ஹ்லவாச் வாத்தியார். நிலம் யாருடையது என்பதை மட்டும் சௌகரியமாக விட்டுவிட்டார்.

அது திராஹோமீராவின் அப்பா வெண்டெலீனுடையது. ஐம்பத்திரண்டாம் வருடம் கம்யூனிஸ்ட் அரசின் கூட்டுப் பண்ணைக்குக் கொடுக்க மாட்டேன் என்று நின்றார். குடும்பத்தையே லாரியில் ஏற்றி எல்லைப்புறத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் வருடம் அங்கேயே செத்தும் போனார். அந்த லாரியில் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. பிறகு வீம்புக்கென்றே இதே ஊர் யரோமீரைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

ஆட்சி மாறியது. அவள் ஊராட்சி எழுத்தர் ஆனாள், குறிப்பேடும் கைக்கு வந்தது. வாத்தியார் பசை போட்டு ஒட்டி மறைத்திருந்த இரண்டு தாள்களைக் கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்தாள். அன்று மூண்ட வயிற்றெரிச்சல் அடங்கவே இல்லை. வாத்தியாருக்கு எண்பது வயதாகட்டும் என்று இரண்டு வருடம் காத்திருந்தாள். எண்பதானவர்களுக்கு ஊர் ஒலிபெருக்கியில் வாழ்த்து வாசித்து, பாண்டு வாத்தியப் பாட்டுப் போடுவது வழக்கம். வாசிப்பவள் அவள்தான்.

அன்று காலை ஊராட்சி அலுவலகத்தில் மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது யரோமீர் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"வாசிச்சுத் தொலை. எங்கப்பா பேர மட்டும் விட்டுடு."

"கையெழுத்துப் போட்டிருக்காரே."

"செத்தவரை ஏன்டி சந்தியில இழுக்கிற?"

"எங்கப்பனும் செத்தவர்தான். அவரை இழுத்தப்ப யாரும் கேக்கலையே!"

"நான் உனக்கு என்ன கொறை வச்சேன்?"

அவள் மைக்கை முன்னால் இழுத்தாள். பொத்தானை அழுத்தினாள்.

"ஊர் மக்களுக்கு வணக்கம். நம்ம வாத்தியாருக்கு இன்னைக்கு எண்பது வயசு. அவர் கைப்பட எழுதினதையே வாசிக்கிறேன். 'மே பதினான்கு. மக்கள் விரோதி வெண்டெலீன் குடும்பத்தோடு லாரியில் ஏற்றப்பட்டான். அவன் மகள் அழுது ஊரைக் கூட்டினாள். வாயை மூடச் சொன்னோம். ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது. அவன் நிலத்தைப் பறிக்கப் பரிந்துரைத்தவர்கள்: ஹ்லவாச், ஆசிரியர். மாதேய், கொல்லர்.'"

மாதேய் யரோமீரின் அப்பா. அந்தப் பெயரையும் அவள் நிறுத்தி, தெளிவாக, இரண்டு தடவை வாசித்தாள். பிறகு பாட்டைப் போட்டாள்.

பாட்டு முடிவதற்குள் வாத்தியார் கோட்டு சூட்டோடு வந்து நின்றார். அவர் வீட்டு வாசலில் கேக் தின்ன வந்து நின்ற கூட்டம் கலைந்து போயிருந்தது.

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடு, திராஹோமீரா. ஊர்ல எவனும் என் முகத்தைப் பாக்க மாட்டேங்கறான்."

"குறிப்பேட்டுல கிழிக்கக் கூடாது, வாத்தியாரே. இன்னைக்கு நடந்ததையும் சேர்த்து எழுதப் போறேன். உங்க வீட்டுக் கேக் எத்தனை துண்டு மிஞ்சுச்சுன்னு சொல்லுங்க."

கிழவர் திரும்பிப் போனார். அப்பாடா, இதற்குத்தானே நாற்பது வருடம்! அவளுக்குச் சிரிப்பு பொங்கியது.

மதியம் வீட்டுக்குப் போனாள். சுவரிலிருந்து தன் அப்பாவின் படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு யரோமீர் உட்கார்ந்திருந்தான். சூப் ஊற்றி வைத்தாள். அவன் கரண்டியைத் தொடவில்லை, அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கேட்டால் பொய்யாகிவிடும். அவள் கேட்கவில்லை.