சின்னம்மா வளர்த்த பல்லி

என் வீட்டுச் சாப்பாட்டு அறை மூலையில் ஒரு வெறும் கண்ணாடித் தொட்டி இருக்கிறது. மீன் வளர்க்க வாங்கியதல்ல. சின்னம்மா அதில் ஒரு பல்லி வளர்த்தார். ரொறன்ரோவில் மற்றப் பிள்ளைகள் நாய் வேண்டும் என்று அழுவார்கள். எங்கள் வீட்டில் நாற்பத்திரண்டு வயதுச் சின்னம்மா பல்லி வேண்டும் என்று நின்றார். கடைக்காரப் பெண் நிறம் நிறமாக எடுத்துக் காட்டினாள். "உது வேண்டாம் பிள்ளை. சும்மா வீட்டுப் பல்லி, கத்துற பல்லி எண்டு சொல்லு" என்றார் சின்னம்மா என்னிடம். வெட்கத்தோடு நான்தான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

கத்துவதுதான் அவருக்கு முக்கியம். ஒன்றைச் சொல்லும்போது பல்லி கத்தினால் அது நல்லபடி நடக்கும். உடனே சுட்டுவிரலால் மூன்று தரம் பலகையில் தட்ட வேண்டும். கனடாச் சுவர்களில் பல்லி இல்லாததால் இங்கே எதையும் நம்பி முடிவெடுக்க முடியவில்லை என்பது அவருடைய குறை. அப்போது ஒரு பெரிய முடிவு காத்திருந்தது. அம்மா இறந்தபோது எனக்கு ஆறு வயது. அன்றிலிருந்து என்னை வளர்ப்பதற்காகவே சின்னம்மா கலியாணம் செய்யாமல் இருந்தார். இப்போது மார்க்கம் நகரில் இருந்த ஒரு பஸ் டிரைவர் அவரைக் கலியாணத்துக்குக் கேட்டிருந்தார். எனக்குப் பதினைந்து வயது. மில்லிக்கன் பகுதி வீட்டில் நாங்கள் இரண்டு பேருமாக இருந்த இருப்புக் குலைந்துவிடும் என்று உள்ளூர நடுங்கிக்கொண்டிருந்தேன்.

பல்லியோ வாயே திறக்கவில்லை. விளக்குப் போட்டுச் சூடாக்கி, பூச்சி வாங்கிப் போட்டு, தினமும் பின்னேரம் அதன் முன்னால் இருந்து, "அவரைக் கட்டலாமோ?" என்று கேட்பார். அது கண்ணாடியில் ஒட்டியபடி அவரையே பார்க்கும். "குளிருக்கு நாக்கு விறைச்சுப் போச்சுப் போல" என்று எழுந்து போவார்.

ஒரு நாள் அப்படிக் கேட்டுவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார். அந்த நேரம் பார்த்து அது கத்தியது. ஏழெட்டுத் தரம், தெளிவாக. திரும்பி வந்தவர், "ஏதும் சத்தம் கேட்டதோ?" என்றார். "இல்லை" என்றேன்.

மார்ச் விடுமுறைக்கு மெக்சிகோ போனோம். மலிவு விடுதி. பொழுதுபடும் நேரம் பார்த்தால், வாசல் விளக்கைச் சுற்றிச் சுவர் முழுக்க எங்கள் பல்லிகள்! அதே சாம்பல் உடம்பு, அதே முழிக் கண். வீட்டில் மூலையோடு ஒட்டிக் கிடந்த அந்த இனம் இங்கே ஒன்றையொன்று துரத்தி, பூச்சியைக் கவ்வி, ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. சின்னம்மாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"இஞ்ச பார், நான் இன்னும் ஒண்டும் கேக்கேல்லை. அதுக்குள்ள எல்லாம் ஓம் எண்டுதுகள்."

அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சின்னம்மா, அண்டைக்கு எங்கட பல்லி கத்தினது. நான்தான் பொய் சொன்னனான். நீங்கள் அவரைக் கட்டுங்கோ."

அவர் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கும் கேட்டதடி. எங்கட குசினி என்ன அங்க தூர மிசிசாகாவிலேயோ இருக்கு? நீ சொல்லட்டும் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்." பிறகு சுட்டுவிரலால் என் தலையில் மூன்று தரம் தட்டினார்.

மார்க்கம் வீட்டில் எனக்கு ஓர் அறையும், பல்லிக்கு ஒரு ஜன்னலோரமும் கிடைத்தன. அது செத்துப் பல வருடமாகிறது. போன ஞாயிறு சின்னம்மாவும் அவரும் சாப்பிட வந்திருந்தார்கள். "நானும் ஒருத்தரைக் கட்டலாம் எண்டு நினைக்கிறன்" என்றேன். சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் தொட்டிப் பக்கம் திரும்பினேன்.

பின்னால் மேசையில் சின்னம்மா மூன்று தரம் தட்டும் சத்தம் கேட்டது.