தபால்காரரின் அட்டைகள்

எங்கள் மென்பொருள் குழுவின் ப்ராடக்ட் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் தபால்காரர். முதலாளி கேட்டதையெல்லாம் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுவார். நாங்கள் முணுமுணுத்தால் அதையும் அப்படியே மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பார். எது வேண்டாம் என்று சொல்லத்தான் அந்த நாற்காலியே. அந்தச் சொல் ஒன்றுதான் அவர் வாயில் வராது.

அஜைல் என்ற வேலைமுறையில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முடித்த வேலையைப் பயன்படுத்தப்போகிறவர் முன்னால் வைத்தாக வேண்டும். அன்று, நாங்கள் மென்பொருள் செய்துகொடுக்கும் மருத்துவமனையின் வரவேற்பாளர் வந்திருந்தார். பதினான்கு அட்டைகளும் 'முடிந்தது' வரிசையில் இருந்தன. முதலாளி பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

வரவேற்பாளர் திரையை இரண்டு நிமிடம் துழாவினார். "அப்பாயின்ட்மென்ட்டை எங்க கேன்சல் பண்றது? நாள் பூரா எனக்கு அதுதானே வேலை."

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. "யாரு இதை விட்டது?" என்று புரோகிராமர்களான எங்கள் பக்கம் திரும்பினார். கேன்சல் பண்ணும் வசதிக்கான அட்டை முதலில் சுவரில் இருந்ததுதான். முதலாளி ஆசைப்பட்ட கலர் கலரான வரைபடத்துக்கு இடம் வேண்டுமென்று அதைக் கழற்றியது தபால்காரர். சொன்னால் அவர் தலை உருளும். சொல்லாவிட்டால் எங்கள் தலை.

"நான்தான் சார் எடுத்தேன்," என்றார் தபால்காரர். "நீங்க கேட்டீங்கன்னு எடுத்தேன். என் தப்பு."

எழுந்து சுவரிடம் போனார். அடுத்த இரண்டு வார வேலையின் உச்சியில் முதலாளியின் இன்னொரு ஆசை ஒட்டியிருந்தது. அதை உரித்து முதலாளியின் கையிலேயே கொடுத்தார்.

"இது வேண்டாம் சார்."