பாடாத குருவிக்குக் கைதட்டல்

ஏரிக்கரை அருங்காட்சியகத்தில் அவளைச் சாவியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இசைப் பெட்டிகளுக்கும், தானே வாசிக்கும் பியானோவுக்கும், பித்தளைக் கூண்டில் இருக்கும் இயந்திரக் குருவிக்கும் பத்தொன்பது வருடமாகச் சாவி கொடுப்பவள். சாவி கொடுப்பதோடு விடுவாளா? ஒவ்வொன்றுக்கும் வாய் ஓயாமல் கதை சொல்வாள். வீட்டில் அவள் பேச ஆரம்பித்தால் தையற்காரக் கணவர் மிஷினை வேகமாக மிதிக்கத் தொடங்கிவிடுவார். இங்கே நாற்பது பேர் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். அதற்காகவே அவள் லீவு போடுவதில்லை.

காது மந்தமாகி இரண்டு வருடம் ஆகிறது. இசைப் பெட்டிக்காரிக்குக் காது கேட்காது என்று தெரிந்தால் வேலையில் வைத்திருப்பார்களா? யாரிடமும் மூச்சுவிடவில்லை. பெட்டியைப் பாட்டின் நடுவில் நிறுத்தினால், உள்ளே ஒலி எழுப்பும் இரும்புச் சீப்பின் பற்கள் சுழலும் உருளையின் முட்களில் மாட்டிக்கொண்டு உடைந்துவிடும். முட்கள் இல்லாத வெற்றுக் கோடு மேலே வரும்வரை கண் இமைக்காமல் பார்த்திருந்து நிறுத்துவாள். ஒரு பல்கூட உடைந்ததில்லை. மனிதர்கள் ஏதாவது சொன்னால் தலையாட்டிவிடுவாள்.

திங்கட்கிழமை மெக்கானிக் வந்து ஏதோ சொன்னார். மனிதர் மீசைக்குள்ளேயே பேசுகிறவர். வழக்கம்போல் தலையாட்டினாள்.

வியாழக்கிழமை, பதினொரு மணிக் காட்சி. சாவி கொடுத்ததும் குருவி வாலை ஆட்டியது, அலகைத் திறந்தது, கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பியது. சாவியம்மா கண்ணை மூடி ரசித்தாள்.

"எப்படிக் கொஞ்சுது பாத்தீங்களா! உயிருள்ள குருவிகூடத் தோத்துடும்."

கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பலமாகக் கைதட்டினார்கள். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் தங்களுக்குத்தான் ஏதோ புரியவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள் போலும். பின்னால் நின்றிருந்த மேலாளர் மட்டும் கைதட்டவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவர் அவளுடைய காதருகே வந்து உரக்கச் சொன்னார்: "குருவியோட துருத்தியத் திங்கக்கிழமையே கழட்டியாச்சும்மா. காத்து இல்லாம அது எப்படிப் பாடும்? உங்ககிட்ட சொன்னதா மெக்கானிக் சொல்றாரே."

குட்டு வெளிப்பட்டுவிட்டது. "சொன்னாரு சார். நான்தான் காதுல விழாமலே தலையாட்டிட்டேன்."

"நாலு நாளாவா?"

"நாலு நாளும் கைதட்டினாங்க, சார்."

மேலாளர் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். உங்கள மாதிரி பெட்டியப் பாத்துக்க வேற ஆள் இல்ல. ஆனா ஜனங்க கேள்வி கேட்டா பதில் சொல்லணுமில்ல? பேச்ச டிக்கெட் கவுண்டர் பொண்ணு பாத்துக்கட்டும்."

வேலை போகவில்லை, பேச்சுதான் போயிற்று. வேலையே போயிருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது என்று தோன்றியது அவளுக்கு.

அடுத்த வாரம் மெக்கானிக் துருத்தியைப் பொருத்திவிட்டு மீசைக்குள் ஏதோ முனகினார். அவள் தலை பழக்கதோஷத்தில் பாதி தூரம் இறங்கிவிட்டது. அப்படியே நிறுத்தினாள்.

"கேக்கல தம்பி. இன்னொரு தடவை சொல்லுங்க."

"பாடுதும்மா!" என்று கத்தினார் அவர். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் பார்த்ததில்லை. கவுண்டர் பெண் எழுந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

சாவியம்மா சாவி கொடுத்தாள். இந்த முறை கண்ணை மூடவில்லை. மெக்கானிக்கின் முகத்தையே பார்த்தாள்.

"எப்படிப் பாடுது?"

"நல்லாருக்கும்மா!"

"நல்லாருக்குன்னு மொட்டையாச் சொன்னா? உக்காருங்க. முதல்லேருந்து முழுசாச் சொல்லுங்க."